இரண்டு அம்பியர்

உப்புவெளியில் வயர் வேலை செய்பவன்
செம்பை நம்பக் கூடாது.
பச்சை பூத்துவிடும்.
ஆறு மாதம் போதும் இந்தக் காற்றுக்கு,
உறையைத் தொடாமலே
உள்ளே இருப்பதைத் தின்றுவிடும்.

ரிஃபாஸிடம் இதைச் சொன்னேன். கேட்கவில்லை.
தோகாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியை
மேசையில் வைத்தான்,
சவர்க்காரக் கட்டியளவு, கறுப்பு.
"பொலிஸ் ரேடார் வைச்சிருந்தா
ஒரு கிலோமீற்றருக்கு முந்தியே கத்தும்."
சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று
அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வண்டி பழசு, நானூறு சிசி.
இரு பக்கமும் அலுமினியப் பெட்டி,
டாங்கியில் பொத்துவில் போய்வந்த சேறு
இன்னும் கழுவாமல்.
அடுத்த கிழமை யாழ்ப்பாணம், பிறகு மன்னார்,
புத்தளம், காலி என்று தீவைச் சுற்றி ஒரு வட்டம்.
போனமுறை அதே வட்டத்தில் தண்டக் கடதாசி நாலு.
நாலாவது கந்தளாயில்,
வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் கிடக்க.
"அதோட மனசு விட்டுப் போச்சு மச்சான்."

சீற்றைக் கழற்றினேன்.
பட்டரியில் நேரே பிடித்தால்
நிற்கும்போதும் குடிக்கும்;
மூன்றாம் நாள் காலை தள்ள வேண்டிவரும்.
சாவி திறந்தால் மட்டும் உயிர் வரும் கம்பி வேண்டும்.
மீற்றர் ஊசியால் ஒவ்வொன்றாய்க் குத்தி
பின் விளக்குக் கம்பியில் நின்றேன்.
அதில் ஒரு கிளை. இரண்டு அம்பியர் பியூஸ்.
ஈயம் வைத்து, சுருங்கும் குழாயை
லைற்றர் சூட்டில் இறுக்கி
மேலே கிறீஸ் பூசினேன்.
உப்பே, இனி வா பார்ப்போம்.

டாங்கிக்கு அடியால் இழுத்த வயரை
கொஞ்சம் தளர விட்டேன்.
இறுக்கிக் கட்டிய வயர்
நேர் ரோட்டில் நன்றாகத்தான் இருக்கும்.
ஹாண்டிலை முழுதாய் ஒடிக்கும் நாளில் அறும்.
(என் கலியாணத்தில் இதை யாரும் சொல்லவில்லை.)

ஹெல்மெற்றுக்குள் சத்தம் கேளாதென்று
சிறு சிவப்பு விளக்கொன்றும் ஒட்டி
பின்னால் ஏறிக்கொண்டேன்.

புதுச் சுப்பர்மார்க்கற் வாசலில் முதல் கத்தல்.
தானே திறக்கும் கண்ணாடிக் கதவு.
முருங்கைக்காய்க் கட்டோடு ஒருவர் வெளியே வந்தார்.

உள்துறைமுக வீதிக்குத் திரும்பியதும்
நிறுத்தாமல் கத்தியது.
கடற்படைக் கோபுரத்தில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது,
எங்களையல்ல,
எங்களுக்கு அப்பால் தண்ணீரைப் பார்த்து.
"இது அவங்கட" என்றான் ரிஃபாஸ்.
எனக்குத் தெரியும்.
எஞ்சினை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி,
அதே இடத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த ஆண்டுகளில்
என் முதுகுத்தண்டிலும் ஒன்று பூட்டியிருந்தார்கள்,
பியூஸ் இல்லாமல்.

திரும்பி வடக்கே, நிலாவெளி வீதி.
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியும்
பெட்டி வாய் திறக்கவில்லை.
எண்பது. எண்பத்தைந்து.

எதிரே ஒரு மீன்காரர்,
றெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணி ஒழுக,
பட்டப்பகலில் லைற்றை இரண்டுதரம் அடித்தார்.
ரிஃபாஸின் கை தானாய்த் தளர்ந்தது.
நாற்பது. முப்பத்தெட்டு.
வளைவில், வேப்பமரத்தின் கீழ்
துவக்குப் போலொன்றை மடியில் வைத்துக்கொண்டு
ஒரு கொன்ஸ்தாபிள்
தேசிக்காய்த் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

அது ரேடார் இல்லை, லேசர்.
பெட்டியோடு வந்த கடதாசியின் கடைசிப் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் இருந்தது; பிறகுதான் வாசித்தோம்.

திரும்பும் வழியில் ரிஃபாஸ்
வானுக்கு அடித்தான், லொறிக்கு அடித்தான்,
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி
இருபதில் ஊர்ந்த ஓட்டோவுக்கும் அடித்தான்.

"கழற்றவா?"
கொஞ்சம் யோசித்தான்.
"கிடக்கட்டும். நேவி முழிச்சிருக்கா எண்டாவது தெரியும்."
கூலி இரண்டாயிரம், வயருக்கு நானூறு.
எண்ணி வைத்துவிட்டு
"ஹாண்டில் சுவிச்சையும் ஒருக்கா பார்.
ரெண்டுதரம் அடிச்சா
ஒருதரம்தான் பத்துது" என்றான்.

திறந்தேன்.
பச்சை.